பிளாஸ்டிக் பைகள்: பழியும் பொறுப்பும்



சென்ற மாதம் வசூலுக்காகத் திண்டிவனம் சென்றிருந்தேன். நேரு வீதிப் பக்கம் நமக்கு வாடிக்கையான ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கிராமத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டார். கேட்டதோடு, தம் வயர் கூடையிலிருந்து கழுவி, காய வைத்து, நான்காக மடித்த ஒரு பழைய பையை எடுத்து நீட்டினார். கடைப் பையன் சிரித்துவிட்டான்.

"அது எதுக்கு ஆயா, புதுக் கவர்லயே போட்டுத் தரேன்."

"புதுசு வேணாம்பா. ஊட்டுல ஒரு மூட்டை கெடக்குது. இதுலயே போடு."

பையன் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு புதுக் கவரை உருவி, பருப்பைப் போட்டு, பழைய பையையும் அதன் மேல் வைத்துக் கொடுத்துவிட்டான். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தக் கவர்க் கட்டு மேசைக்கு அடியில் இருப்பது ஏன் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளிடமிருந்துதான்.

பிளாஸ்டிக் பை என்றாலே "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அன்று நான் கண்டது நேர்மாறானது. விழிப்புணர்வு கடைக்கு வெளியே நின்றது. அதைத் திருப்பி அனுப்பியது கடை. இது குறித்து நம் சங்க உறுப்பினர்களோடு மனம் விட்டுச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

பழைய பழக்கமும் புதிய பையும்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் கடைகள் எப்படி இருந்தன என்பது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். பருப்பும் மிளகாயும் காகிதப் பொட்டலத்தில் சணல் நூல் சுற்றிக் கொடுக்கப்பட்டன. எண்ணெய்க்குத் தூக்குப் பாத்திரமோ பாட்டிலோ வீட்டிலிருந்து வரும். பூவும் கறியும் இலையில் மடித்துக் கொடுப்பார்கள். பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்த குடும்பங்கள் நம் ஊர்த் தெருக்களில் இருந்தன. மொத்த வியாபாரத்தில் சாக்குக்குத் தனி விலை உண்டு. வெறுஞ்சாக்கைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கில் கழித்துக்கொள்வோம். கோலி சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குச் சோடாவே கிடைக்காது.

அதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் பொட்டலம் நனைந்து சர்க்கரை தெருவில் கொட்டியதையும், நூல் சுற்றுவதற்கென்றே ஒரு ஆள் வைத்து, கூட்ட நேரத்தில் வாடிக்கையாளரின் ஏச்சைக் கேட்டதையும் மறக்க முடியாது. பாலிதீன் பை வந்தபோது அது நமக்கு ஒரு வரமாகவே தெரிந்தது. நனையாது, கிழியாது, விலை சில காசுகள். கடைப் பெயரை அச்சடித்தால் விளம்பரமும் ஆயிற்று. நானும் அச்சடித்தேன். அந்தக் காலத்தில் மஞ்சள் பையோடு வருபவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த வாய்களில் நம் கடைக் கல்லாக்களில் இருந்த வாய்களும் உண்டு.

தவறு பையில் இல்லை. அதை நாம் ஓசியில், கேட்காமலே, ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றாகக் கொடுத்ததில்தான் தவறு. விலை இல்லாத பொருளுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது. சாக்குக்கு விலை இருந்தது, அது திரும்பி வந்தது. கவருக்கு விலை இல்லை, அது சாக்கடைக்குப் போனது.

சட்டங்கள் வந்த வழி

சட்டம் திடீரென்று நம் தலையில் விழுந்ததாகப் பலர் பேசுகிறார்கள். அப்படியல்ல. மத்திய அரசு 1999-லேயே விதி வகுத்து, 20 மைக்ரானுக்குக் குறைவான பைகள் கூடாது என்றது. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கால் ஆன பையில் உணவுப் பொருள் போடக்கூடாது என்பதும் அன்றே வந்த விதிதான். 2011-ல் 40 மைக்ரான் ஆயிற்று. பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. 2016-ல் 50 மைக்ரான், 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று ஏறிக்கொண்டே போனது.

நம் தமிழ்நாட்டில் இன்னும் கண்டிப்பு. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. இங்கே மைக்ரான் கணக்கே கிடையாது. எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை தடைதான். துணி போலவே தோன்றும் நெய்யப்படாத பையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. அதுவும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் அதைத் "துணிப் பை" என்றே விற்றார்கள். 2019-ல் அபராதமும் வகுக்கப்பட்டது. தடை செய்த பொருளைச் சேமித்து வைத்தாலோ விநியோகித்தாலோ முதல் முறை 25,000 ரூபாய், இரண்டாம் முறை 50,000, மூன்றாம் முறை ஒரு லட்சம். சிறு கடைக்கு 100, 200, 500 என்று இருந்தது. பிறகு 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். நாம் கேலி செய்த பைக்கு அரசே விழா எடுத்தது.

வெளிநாட்டு அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்ட வங்காளதேசம் 2002-ல் மெல்லிய பைகளை அடியோடு தடை செய்தது. அதே 2002 மார்ச்சில் அயர்லாந்து தடை செய்யவில்லை. கடையில் பை கேட்டால் 15 சென்ட் வரி என்று மட்டும் வைத்தது. பைப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து போயிற்று. தடை போட்ட நாட்டில் மறைத்து விற்பது தொடர்ந்தது. விலை வைத்த நாட்டில் மக்களே பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இதில் பாடம் உண்டு.

கிராம் கணக்கு

"பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்துகொள்ளலாமே, ஏன் தடை?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தராசில் இருக்கிறது.

10-க்கு 14 அங்குலத்தில் 20 மைக்ரான் கவர் ஒன்று ஏறக்குறைய மூன்றரை கிராம் இருக்கும். ஒரு கிலோ சேர வேண்டுமானால் 290 கவர் வரை பொறுக்க வேண்டும். அதாவது 290 முறை குனிய வேண்டும். அதுவும் சேறு, எண்ணெய், சாம்பார் எல்லாம் ஒட்டியிருக்கும். காயலான் கடையில் எடை போடும்போது அழுக்குக்குக் கழிவு உண்டு. தண்ணீர் பாட்டில் என்றால் ஐம்பதோ அறுபதோ பொறுக்கினால் கிலோ ஆகிவிடும். குப்பை பொறுக்கும் மனிதர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கவரை விட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனத்தால் அல்ல, கூலி கட்டாததால். அதே அளவுப் பையை 120 மைக்ரானில் செய்தால் ஒன்று 20 கிராம் வரும். ஐம்பது பையில் கிலோ ஆகிவிடும். மத்திய அரசு தடிமனைக் கூட்டிக்கொண்டே போனதன் சூட்சுமம் இதுதான்.

சேகரித்த பையும் மறுபடி பையாக வருவதில்லை. வகை பிரித்து, கழுவி, உலர்த்தி, அரைத்து, உருக்கி, நூலாக இழுத்து, குருணையாக வெட்டுகிறார்கள். பல நிறம் கலந்த குருணை கறுப்பாகத்தான் வரும். அது தோட்டத்துக் குழாய், வாளி, குப்பைப் பை என்று ஆகும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பொருளின் வலு குறையும். பளபளப்பான சிப்ஸ், ஷாம்பு உறைகள் பல அடுக்காக ஒட்டியவை, பிரிக்க முடியாதவை. அவற்றைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவதைத் தவிர உள்ளாட்சிகளுக்கு வேறு வழி அதிகம் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அவர்கள் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டு 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம் மாநிலத்துக்கே பெருமை. ஆனால் சாலைக்கும் சுத்தமாக, உலர்ந்து, பிரிந்து வந்த பிளாஸ்டிக்தான் வேண்டும். சாக்கடையில் கிடப்பது சாலைக்கு வராது.

ஆகவே மறுசுழற்சி என்பது ஆலையில் தொடங்குவதில்லை. வீட்டு அடுக்களையில் தொடங்குகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

தடை வந்த பிறகும் பால் கவர், எண்ணெய்க் கவர், அரிசிப் பை, ஜவுளிக் கவர் என்று நம் வீடுகளுக்குள் நாள்தோறும் பிளாஸ்டிக் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் இல்லத்தரசிகள் அதை வீணாக்குவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் நூறு பை இருக்கும். திண்டிவனத்து ஆயாவைப் போன்றவர்கள் எந்த இயக்கமும் சொல்லித் தராமலே செய்துவரும் சிக்கனம் இது. அதில் சில முறைகளைத் திருத்தமாகச் செய்தால் போதும். கடையில் வாடிக்கையாளரிடம் நாமே சொல்லலாம்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியபடி விட வேண்டும். அந்தச் சிறு துண்டை யாரும் பொறுக்குவதில்லை. நேராக மண்ணுக்குத்தான் போகிறது. கவரைக் கழுவிக் கொடியில் காய வைத்தால், மாதம் ஒருமுறை காயலான் கடையில் அதற்குக் காசு உண்டு. பால் கவர் நல்ல தரமான பாலிதீன். வியாபாரிகள் விரும்பி எடுப்பார்கள். பெரிய அரிசிப் பைகளையும் உரச் சாக்குகளையும் கிழியும் வரை பயன்படுத்தலாம்; மணிலாவும் வரமிளகாயும் காய வைக்க, சாமான் கட்ட, தைத்துப் படுதாவாக்க. (உரச் சாக்கில் மட்டும் தின்பண்டம் எதையும் வைக்கக் கூடாது.) பழைய கறுப்பு, நிறக் கவர்களில் உணவு போடக் கூடாது. சூடான சாம்பாரையும் டீயையும் எந்தக் கவரிலும் ஊற்றக் கூடாது. பேப்பரில் சுருட்டிய வடையும் கூடாது. அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது. எனவே காகிதத்துக்குத் திரும்புவோர் அச்சில்லாத காக்கிக் காகிதத்துக்குத் திரும்ப வேண்டும்.

மிக முக்கியமாக, மீந்த சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வீதியில் எறியக் கூடாது. மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது; பையோடு தின்னும். எரிப்பதும் தீர்வல்ல. அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகளே.

2024 டிசம்பர் முதல் தேதியை நம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அத்தனை மழைக்குப் பையை மட்டும் குற்றம் சொன்னால் அது நேர்மையல்ல. ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் நாம் செய்த வேறு தவறுகள் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு கடை வாசல் வடிகால்களில் என்ன அடைத்துக்கொண்டிருந்தது என்பதை அள்ளிப் போட்டவர்கள் அறிவார்கள். அதில் நம் கடைப் பெயர் அச்சடித்த பழைய பைகள் இருந்தால்கூட வியப்பதற்கில்லை.

நம் பக்கத்துக் குறை

இனி நான் எழுதுவது சில உறுப்பினர்களுக்குக் கசக்கலாம். முதலில் என் குறையையே சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் என் கிடங்கில் பதினொரு மூட்டைக் கவர் இருந்தது. தடை ஜனவரியில் வருகிறது என்று தெரியும். "சீக்கிரம் தள்ளிவிடு" என்று குமாஸ்தாவிடம் சொல்லி, விலையைக் குறைத்து, சில்லறைக் கடைக்காரர்கள் தலையில் கட்டினேன். "கொஞ்ச நாள் பேசுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க" என்று தைரியமும் சொன்னேன். ஜனவரியில் அதிகாரிகள் வந்து அவர்களில் ஒருவர் கடையில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். லாபம் எனக்கு, நஷ்டமும் அவமானமும் அவருக்கு. பிறகு அந்தத் தொகையை அவர் கணக்கில் வரவு வைத்தேன். அதையும் அவர் வந்து கேட்ட பிறகுதான் செய்தேன்.

இன்றும் அதே கதைதான் நடக்கிறது. கவர் இரவில் இறங்குகிறது. மொத்தக் கடையில் பில் இல்லாமல் கைமாறுகிறது. சிறு கடையில் மேசைக்கு அடியில் போகிறது. சோதனை வரும்போது பூக்காரியும் தள்ளுவண்டிக்காரரும் அபராதம் கட்டுகிறார்கள். நாம் சங்கக் கூட்டத்தில் "வணிகர்களை வதைக்கிறார்கள்" என்று தீர்மானம் போடுகிறோம். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் யார் ஒளிந்துகொள்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை உண்டு; மறுக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் பொட்டலங்கள் இன்றும் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகின்றன. உற்பத்தியாளரே தம் உறைக்குப் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் காலி உறையை வாங்கிக்கொள்ள எந்த நிறுவனத்தின் வண்டியும் நம் வீதிக்கு வந்து நான் பார்த்ததில்லை. கவர் தயாரிக்கும் இடத்தில் பிடிக்காமல் கீரைக்காரியிடம் பிடிப்பது என்ன நியாயம்? இதை உரக்கக் கேட்போம். ஆனால் மேசைக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டு கேட்டால் நம் குரலுக்கு மரியாதை இராது.

என் யோசனைகள்

ஒன்று: தடை செய்த கவரை மொத்தமாக விற்று மாட்டிக்கொள்ளும் உறுப்பினருக்காகச் சங்கம் எந்த அலுவலகத்துக்கும் பரிந்து பேசப் போகக் கூடாது. சிறு கடைக்காரருக்காகப் போக வேண்டும்.

இரண்டு: மஞ்சள் பையை முன்பணத்துக்குக் கொடுப்போம். டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தரும் முறை உயர்நீதிமன்ற உத்தரவால் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. பாட்டில்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. குடிகாரரே பாட்டிலைத் திருப்பித் தரும்போது, குடும்பப் பெண்கள் பையைத் திருப்பித் தர மாட்டார்களா? சங்கமே மொத்தமாகத் தைக்கக் கொடுத்தால் மகளிர் குழுக்களுக்கும் வேலை கிடைக்கும்.

மூன்று: பையோ பாத்திரமோ கொண்டு வருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுப்போம். கவர் வாங்கும் செலவு மிச்சம்தானே!

நான்கு: விருப்பமுள்ள கடைகளில், கழுவிக் காய்ந்த பால் கவர் போட ஒரு சாக்குத் தொங்கட்டும். வாரம் ஒருமுறை சங்கத்தின் பொறுப்பில் காயலான் கடைக்கு எடை போட்டு, வரும் பணத்தைத் துப்புரவுப் பணியாளர் நலனுக்குக் கொடுப்போம்.

ஐந்து: கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பழைய பையை நீட்டும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சுத்தமாக இருந்தால் அதிலேயே போட்டுக் கொடுக்க வேண்டும்.

நம் தொழிலில் மஞ்சள் கடிதாசு என்றால் எல்லோருக்கும் பயம். மஞ்சள் பைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மே 5 வணிகர் தினத்தில் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். அதற்கு முன்பாக அவரவர் மேசைக்கு அடியில் இருப்பதை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போவோம். திண்டிவனத்துக் கடைக்காரரிடம் அன்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை வசூலுக்குப் போகும்போது பேசுவதாக இருக்கிறேன். அதற்கு முன் என் உறுப்பினர் சகோதரர்களிடம் பேசுவதே முறை என்பதால் இதை எழுதினேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதலாம், வரவேற்கிறேன்.